மெடிக்கல் போர்டு முன்னால் ஏகாம்பரம்

பயிற்சி முடித்துப் பேச்சு வைத்தியத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்காக நீங்கள் போடும் மலரில், நான் செய்ததிலேயே உருப்படியான வேலை எதுவோ அதை எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். எழுதுகிறேன். வாங்கிக்கொண்ட பிறகு அச்சில் போட யோசிக்கக் கூடாது. ஏனென்றால் என் கை பட்டதிலேயே உருப்படியான அந்த வேலை, ஆஸ்பத்திரிக் காகிதத்தில் தோல்வி என்றுதான் ஏறியிருக்கிறது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை. கோவில்பதாகையில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்தவர்கள். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டேன். அறுபதுகளில் இந்த வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றின் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளும் ஆளாகச் சேர்ந்தேன். அதே ஆளைத்தான் பிறகு ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி மூன்று பக்கத்திலும், வாதம் வந்து பேச்சும் படிப்பும் போனவர்களின் வீட்டில் முதலில் தேடினார்கள். உங்களைப் போலப் பட்டம் வாங்கியவர்கள் அப்போது பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே அபூர்வம். நான் ஒருவன் சைக்கிளை மிதித்துக்கொண்டு நூம்பல் வரைக்கும் போய், திறக்காத வாயை எல்லாம் திறக்க வைத்தேன். பேச்சு மாஸ்டர் என்றால் பட்டாபிராம் ரயில்வே கேட்டில் நிற்கிற ரிக்‌ஷாக்காரர்கூட என் வீட்டுக்கு வழி சொல்வார். எந்தக் கல்லூரியும் எனக்கு இதைக் கொடுக்கவில்லை. எந்தக் கல்லூரியும் இதுவரை என்னைக் கூப்பிட்டு ஒரு துண்டு போர்த்தவும் இல்லை.

இந்த வேலைக்குள் என்னை இழுத்துப் போட்டவர் ஒரு டாக்டரம்மா. பேர் வேண்டாம், அவர் இருந்தால் விரும்ப மாட்டார். வெளிநாட்டில் மூளை வைத்தியம் படித்துவிட்டு வந்தவர். வார்த்தையைச் சுலபத்தில் செலவழிக்க மாட்டார். பேச்சில்லாமல் படுத்திருந்த ஒருவரை எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது நான் ஓயாமல் பேசிக்கொண்டே போனதையும், அந்த மனிதர் அதற்குச் சிரித்ததையும் பார்த்துவிட்டார். மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

"உனக்கு வாய் ஜாஸ்தி. அதை உபயோகமா வெச்சுக்கலாம், வா" என்றார். அவ்வளவுதான் என் நேர்முகத் தேர்வு.

அவரிடம் நான் கற்றதில் முக்கியமானது ஒன்று. மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் பேச்சு போவது எல்லாருக்கும் தெரிகிறது. படிப்பு போவது தெரிவதில்லை. கண் நன்றாக இருக்கும். காகிதம் தெரியும், அதில் கறுப்பாக ஏதோ இருப்பதும் தெரியும். ஆனால் அது எழுத்தாக இருக்காது, எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். வீட்டில் உள்ளவர்கள் கண்ணாடி மாற்ற வேண்டும் என்பார்கள். நோயாளியும் தலையாட்டுவார். தனக்குப் படிக்கத் தெரியாமல் போய்விட்டது என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

ஏகாம்பரம் அப்படித்தான் என்னிடம் வந்தார். எங்கள் தொழிற்சாலையில் முதல் தர ஃபிட்டர். பட்டாபிராமில் சொந்தமாக ஓட்டு வீடு. சாப்பாட்டு இடைவேளையில் கேன்டீனுக்குப் பின்னால் பேப்பரை விரித்து உரக்கப் படிப்பார். எழுத்துத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லாரும் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டு சுற்றி உட்காருவார்கள். வெறுமனே படிக்க மாட்டார். நடுவில் நிறுத்தி மந்திரியைக் கிண்டல் செய்வார். அரிசி விலை ஏறிய செய்தி வந்தால் குரலை இறக்கி, சாவுச் செய்தி போலப் படிப்பார். ஆபீசர்கள்கூட ஜன்னல் பக்கம் வந்து நிற்பார்கள். ஃபிட்டர் வேலைக்கு அவருக்குச் சம்பளம் கிடைத்தது. மரியாதை அந்தப் பேப்பருக்குத்தான் கிடைத்தது.

ஒரு நாள் நாங்கள் ஷாப் என்று சொல்லும் வேலைக்கூடத்தில், மிஷின் பக்கத்திலேயே விழுந்தார். வலது கையும் காலும் வாயும் இழுத்துக்கொண்டன. சில மாதங்களில் கோல் ஊன்றி நடந்தார். பேச்சு துண்டு துண்டாகத் திரும்பியது. படிப்பு மட்டும் வரவில்லை. டாக்டரம்மா என்னிடம் அந்தக் கேஸை ஒப்படைத்தார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. இந்தப் பயிற்சிக்கென்று ஆஸ்பத்திரியில் தனி அறையும், நிரந்தரமான ஒரு வேலை இடமும் கேட்டு அவர் மேலே எழுதியிருந்தார். அந்த இடத்தில் என்னைத்தான் வைக்கப்போவதாகச் சொல்லியும் இருந்தார். ஏகாம்பரம் படித்துக் காட்டினால் மேலிடம் மறுக்க முடியாது என்பது அவர் கணக்கு.

டியூட்டி முடிந்ததும் சாயங்காலம் சைக்கிளில் பட்டாபிராம் போவேன். முதல் நாளே தப்புச் செய்தேன். பள்ளிக்கூடப் பாலபாடம் ஒன்றைக் கொண்டுபோய், அணில் படமும் ஆடு படமும் போட்ட பக்கத்தை அவர் முன்னால் விரித்தேன். ஏகாம்பரம் புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நல்ல கையால் அதை எடுத்து வாசலுக்கு வீசினார்.

"நா... நா... கொயந்தியா?"

அவர் மகன் தேவராஜ் போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து தூசி தட்டினான். "எங்கிட்ட குடு மாஸ்டரே. நான் எஸ்எஸ்எல்சில கோட்ட உட்டவன். எனுக்காவது ஒதவும்" என்றான். ஏகாம்பரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோணலான வாயோடு நெடுநேரம் சிரித்தார். அந்தச் சிரிப்பால்தான் எனக்கு மறுநாள் அந்த வீட்டுக்குள் இடம் கிடைத்தது.

உங்களுக்குப் புத்தகத்தில் எப்படிச் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. நான் சொல்கிறேன். நாற்பது பேருக்குப் படித்துக் காட்டிய மனிதருக்கு நீங்கள் எழுத்துக் கற்றுக்கொடுக்கப் போகவில்லை. அவர் வீட்டில் காணாமல் போன சாமானைத் தேடிக்கொடுக்கப் போகிறீர்கள். சாமான் அவருடையது. அந்த நினைப்பு இல்லாமல் உள்ளே போனால் புத்தகம் வாசலுக்குத்தான் வரும்.

பிறகு பேப்பரின் பெரிய தலைப்புகளையே எடுத்துக்கொண்டேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் நான் தடித்த எழுத்தில் எழுதுவேன், தேவராஜ் அதைச் சொல் சொல்லாகக் கத்தரித்து அட்டையில் ஒட்டுவான். பார்த்தால் அடையாளம் தெரியாத எழுத்து, விரலால் எழுதிப் பார்த்தால் ஏகாம்பரத்துக்குத் தெரிந்தது. கண் மறந்ததைக் கை மறக்கவில்லை. இடது கை ஆள்காட்டி விரலால் அந்த எழுத்தைத் தொடைமேல் எழுதுவார். எழுதி முடித்ததும் வாய் சொல்லும். அதைக் கண்டுபிடித்தவன் நான். டாக்டரம்மா வெளிநாட்டிலும் அப்படி ஒரு முறை உண்டு என்றார். இருக்கட்டும், நான் பட்டாபிராமில் கண்டுபிடித்தேன்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அவருக்கு வலது பக்கப் பார்வை பாதி மங்கியிருந்தது. வரியின் கடைசி அவருக்குத் தெரியாது, தெரியவில்லை என்பதும் தெரியாது. மிஷின் மேலே தொங்கும் எச்சரிக்கை வாசகம் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். 'மிஷின் ஓடும்போது கை வைக்காதே.' அவர் விரலால் தடவித் தடவி, 'மிஷின் ஓடும்போது கை வை' என்று முடித்துவிட்டு, சரியாகப் படித்துவிட்ட திருப்தியோடு என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து அவருடைய சரியாக வராத வலது கையை எடுத்துக் காகிதத்தின் வலது ஓரத்தில் வைக்கச் சொன்னேன். அந்தக் கை கண்ணில் படும்வரை வரி முடியவில்லை என்று சட்டம். அது படிந்த பிறகு வேகம் வந்தது. ஒரு வரி, இரண்டு வரி, பாதிப் பத்தி.

இந்த நேரத்தில்தான் மெடிக்கல் போர்டு வந்தது. நீண்ட நாள் படுத்துவிட்ட தொழிலாளியை மூன்று டாக்டர்கள் உட்கார்ந்து பார்த்து, வேலைக்குத் தகுதி உண்டா இல்லையா என்று எழுதுவார்கள். தகுதி உண்டு என்றால் திரும்ப வேலை, கை கால் சரியில்லாதவருக்கு ஏதாவது லேசான வேலை. 'அன்ஃபிட்' என்று எழுதினால் அவரை அனுப்பிவிட்டு, குடும்பத்துக்காக வாரிசுக்கு வேலை கொடுப்பார்கள். கை சரியில்லாததை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். எச்சரிக்கைப் பலகையைப் படிக்க வருமா என்பதில்தான் ஏகாம்பரத்தைப் பற்றிய முடிவு நின்றது.

ஒரு சாயங்காலம் நான் சைக்கிளை எடுக்கும்போது ஏகாம்பரத்தின் மனைவி கன்னியம்மா அடிபம்பு ஓரமாக வந்து நின்றார்.

"மாஸ்டரே, இன்னா அவசரம், இப்டி நில்லு. எம்மாந்தூரம் கீது அவரு படிப்பு?"

"பாதி பத்தி படிக்கிறாரு அண்ணி. போர்டு வர்றதுக்குள்ள முழுசா படிக்க வெக்கிறேனா இல்லியா பாரு."

"அதத்தான் வாணாங்கறேன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"படிச்சிட்டாருன்னே வெச்சிக்க. ஃபிட்டுனு எயுதுவாங்க. எயுதி, ஃபிட்டர் வேலயா குடுப்பாங்க? கேட்டாண்ட ஸ்டூலப் போட்டு குந்த வெப்பாங்க. இல்லாங்காட்டி ஆபீசருக்கு டீ வாங்கியாரச் சொல்லுவாங்க. இவுரு டீ கிளாஸத் தூக்கினு அதே ஷாப்புக்குள்ள போவணும். அன்ஃபிட்டுனு எயுதினா எம் புள்ளைக்கு வேல. அவனுக்கு வயசு தாண்டிடப் போவுது. அதுக்கப்பால எவன் குடுப்பான்?"

"அவரு இன்னா சொல்றாரு?"

"அவரக் கேக்காத. அவருக்கு பேப்பர் படிக்கணும். வேற இன்னா தெரியும் அவருக்கு."

"அண்ணி, படிக்க வெக்கிறதுதான் என் வேல. பாதில நிறுத்தறது எனுக்குப் பயக்கமில்ல."

"உன் வேல, உன் பேரு. ஆவடி பூரா சொல்லிக்கினு திரிவே. எம் புள்ள தெருவுல நிப்பான்."

நான் சைக்கிள் ஏறினேன். அந்த அம்மா சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பதுதான் கோபம்.

மறுநாள் போனால் அட்டை வைத்திருந்த டப்பா காலி. அட்டைகள் வெந்நீர் அடுப்பில் சாம்பலாக இருந்தன. தேவராஜ் வீட்டில்தான் இருந்தான், ஆனால் எங்கள் பக்கம் வரவில்லை. அன்றிலிருந்து கத்தரிக்கோலும் அவன் கையில் இல்லை. நான் ஏகாம்பரத்திடம், "பழைய அட்டதானே அண்ணாத்தே, வேற எழுதிக்கலாம்" என்று மழுப்பினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காலியான டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு, பேப்பரைக் காட்டினார். ஆரம்பி என்று அர்த்தம்.

இதை மட்டும் மனதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடிபம்பு அவர் ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. பேச்சு போனவர் முன்னால் நாம் எல்லாரும் செவிடர் முன்னால் பேசுகிற மாதிரிப் பேசுகிறோம். அவர் மனைவியும் பேசினார், நானும் பேசினேன். டாக்டர்களும் அவர் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு அவர் இல்லாதது போலத்தான் பேசினார்கள். அவருக்குப் போனது பேச்சும் எழுத்தும். காது போகவில்லை, புத்தியும் போகவில்லை.

போர்டுக்கு முந்தின நாள் அன்றைய பேப்பரைக் கொடுத்தேன். குடிநீர் ஏரிகளுக்குத் தண்ணீர் வரத்து கூடியிருக்கிறது, பட்டணத்தில் இனிமேல் தட்டுப்பாடு இருக்காது என்று மந்திரி சொன்ன செய்தி. வலது கையை ஓரத்தில் வைத்தார். விரல் தொடைமேல் ஓடியது. நிறுத்தி நிறுத்தி, திக்கித் திக்கி, கடைசி வரிவரை போனார். ஒரு சொல்கூட விடவில்லை. முடித்துவிட்டுக் காகிதத்தைத் தட்டினார்.

"பே... பேப்பர்லதான்... தண்ணி கீது."

பிள்ளைகளே, இதுதான் படிப்பு. எழுத்தைச் சொல்வது இல்லை. கேன்டீனில் மந்திரியைக் கிண்டல் செய்த அதே மனிதர் அந்த நாற்காலியில் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தார். கதவோரம் நின்ற தேவராஜ் தன்னை மறந்து சிரித்துவிட்டான். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அவன் சிரிப்பும் நின்றது. நான் மட்டும் சிரித்துக்கொண்டே வெளியே வந்து, ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, முதலில் டாக்டரம்மாவிடமும் பிறகு வார்டில் இருந்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன். நாளைக்குப் பாருங்கடா, மூன்று பெரிய டாக்டர்கள் என்னைப் பார்த்து எழுந்து நிற்கப் போகிறார்கள் என்று.

போர்டு காலையில் கூடியது. வெளியிலிருந்து வந்த பெரிய டாக்டர் நடுவில். டாக்டரம்மா ஓரத்தில், கேஸைப் பற்றிச் சொல்வதற்காக. நான் ஏகாம்பரத்தைக் கைத்தாங்கலாக உட்கார வைத்துவிட்டுப் பின்னால் நின்றேன். கையைத் தூக்கச் சொன்னார்கள், நடக்கச் சொன்னார்கள். பிறகு ஷாப்பில் ஒட்டுகிற பாதுகாப்பு விதிகள் அச்சடித்த தாள் ஒன்றை மேஜைமேல் வைத்தார்கள்.

"இதைப் படிங்க."

ஏகாம்பரம் வலது கையைத் தூக்கித் தாளின் ஓரத்தில் வைத்தார். மேஜைக்கு அடியில் இடது கை விரல் தொடைமேல் எழுதத் தொடங்கியது. நான் நின்ற இடத்திலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. முதல் வரி போனது. இரண்டாவது வரி போனது. கடைசி வரியின் கடைசி எழுத்தை எழுதி, புள்ளி வைத்து, விரல் நின்றது. நான் மார்பை நிமிர்த்திக்கொண்டேன்.

அவர் தலையைத் தூக்கினார்.

"தெர்ல சார்."

"முதல் வார்த்தை மட்டும் சொல்லுங்க."

"தெர்ல."

"ஏதாவது ஒரு எழுத்து?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். என் பக்கம் திரும்பவே இல்லை.

பெரிய டாக்டர் காகிதத்தைப் புரட்டினார். "ஒரு முழுச் செய்தி படிக்கிறார்னு இங்க எழுதியிருக்கே. யார் எழுதினது?"

டாக்டரம்மா, "தினமும் பயிற்சி கொடுக்கிறவர் சொன்னதை வைத்து நான் எழுதியது" என்றார்.

பெரிய டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீயா? நீ சொல்லு. இவர் படிப்பாரா, மாட்டாரா?"

இப்போது உங்களுக்கெல்லாம் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து யோசிக்க நேரம் கொடுக்கிறார்கள். எனக்கு அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டுகிற நேரம்தான் கிடைத்தது. படிப்பார் என்று சொல்லலாம். அது உண்மை. எனக்கு அறை, நிரந்தர வேலை, பேர். ஆனால் இவ்வளவு தூரம் தெரியாது என்று சொன்ன பிறகு படிப்பார் என்று ஆகிவிட்டால், ஏகாம்பரம் பாசாங்கு செய்து போர்டை ஏமாற்றியவர். அப்படி எழுதினால் லேசான வேலையும் கிடையாது, மகனுக்கு வேலையும் கிடையாது. ஏகாம்பரம் படித்துவிட்டால் கன்னியம்மாவுக்கு மகன் வேலை ஒன்றுதான் போகும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அந்த நாற்காலியில் இருந்தவர் தன் வேலை, மகன் வேலை இரண்டையும் பணயமாக வைத்துவிட்டார். என் வாயை நம்பி வைத்திருந்தார்.

"சில நாள்ல ஒண்ணு ரெண்டு வார்த்தை வரும் சார்" என்றேன். "நான்தான் கூட்டிச் சொல்லிட்டேன். அவருக்குப் படிக்க வராது."

பெரிய டாக்டர் டாக்டரம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "ஸ்ட்ரெச்சர் தள்ற ஆளைக் கேட்டு ரிப்போர்ட் எழுதினா இப்படித்தான் ஆகும்."

பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. நான் தூக்கி விட்டவர்கள் எத்தனையோ பேர் பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள். அது எதுவும் இந்தச் சிரிப்பை அழிக்கவில்லை.

வெளியே வராந்தாவில் ஏகாம்பரம் என் கையைத் தேடிப் பிடித்தார். நான் உதறிவிட்டேன். முந்தின நாள் ஒரு தலையசைப்பில் சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்லியிருந்தால் வார்டு முழுக்கப் பீற்றிக்கொண்டு வந்திருக்க மாட்டேன். இன்றைக்கும் அவர்மேல் அந்தக் கோபம் எனக்கு உண்டு. கோபம் இருக்கக் கூடாது என்று நீங்கள் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

மத்தியானம் டாக்டரம்மா கூப்பிட்டார்.

"அவர் விரல் கடைசி எழுத்து வரைக்கும் போச்சு. நானும் பார்த்தேன்."

"அப்ப ஏம்மா நீங்க சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

அவர் போர்டுக்குக் காட்டவென்று நான் புதிதாக எழுதி அவர் மேஜைமேல் வைத்திருந்த அட்டைகளை அடுக்கி, ரப்பர் போட்டு என்னிடம் கொடுத்தார். "அறை கிடைக்காது. நாளையிலிருந்து நீ பழைய டியூட்டி பார்" என்றார். அப்படியே ஆயிற்று. அவர் கேட்ட அறையும் இடமும் மறுக்கப்பட்டு, பலனில்லாத பயிற்சி என்று எழுதி வந்தது. கொஞ்ச நாளில் அவரும் மாற்றலாகிப் போய்விட்டார். நான் மறுபடி ஸ்ட்ரெச்சர் தள்ளினேன். முன்பு என்னைக் கண்டு ஒதுங்கி வழிவிட்ட பையன்கள், "இன்னா மாஸ்டரே, டாக்டருங்க எய்ந்து நின்னாங்களா?" என்று கேட்டார்கள். பொறுக்க முடியாமல் வேலையை உதறிவிட்டு வெளியே வந்துதான் வீடு வீடாகப் போகத் தொடங்கினேன். எழுபதுகளில் நான் கட்டியதெல்லாம் அப்படிக் கட்டியது. ஒரு கவர்மெண்ட் காசு அதில் கிடையாது.

தேவராஜுக்கு வேலை கிடைத்தது. கன்னியம்மா ஆள் மூலம் லட்டு கொடுத்தனுப்பினார். தெரு நாய்க்குப் போட்டேன்.

பட்டாபிராமில் அவர்கள் தெரு முழுக்க எங்கள் தொழிற்சாலை ஆட்கள். படிக்க வராது என்று எழுதி வாங்கிய மனிதர் வாசலில் பேப்பரோடு உட்கார முடியுமா? யாராவது ஒரு மொட்டைக் கடுதாசி போட்டால் போதும். அந்த வீட்டில் பேப்பரை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பழைய தோழர்கள் பார்க்க வந்து, ஆசைக்கு ஒரு பேப்பரை நீட்டினால், அவர் தெரியாது என்று கையை விரிப்பாராம். அவர்கள் வழியெல்லாம் வருத்தப்பட்டுக்கொண்டு போவார்களாம்.

இரண்டு மூன்று வருஷம் கழித்துக் கன்னியம்மாவே என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். இளைத்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தேவராஜுக்கு வேல நெலச்சிப்போச்சி மாஸ்டரே. இனுமே எவன் வந்து கேக்கப் போறான். வந்து சொல்லிக்குடு. குந்தின எடத்துலயே குந்தினு கீறாரு. ஒரு வார்த்த பேச மாட்றாரு. மூஞ்சியப் பாக்க முடில."

"அன்னிக்கு வாணாம்னியே அண்ணி."

"ஆமா. வாணாம்னேன். இப்ப கூப்புடறேன். வருவியா மாட்டியா?"

போனேன். அந்த அம்மாவுக்காகப் போகவில்லை. என் வேலையை நானே ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும் என்று போனேன்.

பார்த்தேன். ஒன்றும் மிச்சமில்லை. புழங்காத படிப்பு போய்விடும் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எப்படிப் போகும் என்று நான் பார்த்திருக்கிறேன். தாளின் ஓரத்தில் கையை வைக்க மறந்துவிட்டார். விரல் தொடைமேல் ஓர் எழுத்தைப் பாதி எழுதி, வழி தெரியாமல் நின்றது. ஆனால் நானும் லேசுப்பட்டவன் இல்லை. விரலைப் பிடித்து எழுதினேன். கையை எடுத்து ஓரத்தில் வைத்தேன். பகல் முழுக்க உட்கார்ந்தேன். சாயங்காலம் ஆகும்போது ஒரு சொல் வந்தது. பக்கத்திலேயே இன்னொன்றும் வந்தது. அவர் நெற்றி வேர்த்திருந்தது. அடுத்த சொல்லுக்கு அவரே தாளை இழுத்துக்கொண்டார். திரும்ப வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வருஷம் ஆனாலும் ஆகட்டும், கொண்டுவந்து நிறுத்திவிடுவேன்.

அப்போது தேவராஜ் டியூட்டி முடிந்து வந்தான். காக்கிச் சட்டை, கையில் டிபன் கேரியர். எங்களைப் பார்த்தான். முகத்தில் கோபம் இல்லை. கேரியரை வைத்துவிட்டு நேராகப் போய்த் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினான். பிறகு கதவைச் சாத்தினான்.

"தப்பா எடுத்துக்காத மாஸ்டரே. எதிர் ஊட்டுக்காரன் எங்க செக்‌ஷன்தான். வவுத்தெரிச்சல் புடிச்சவன். எனுக்குக் கொயந்த பொறக்கப் போவுது." அப்பாவைப் பார்த்தான். "நீ படி நைனா. நான் ஒண்ணும் சொல்லல."

சாத்திய பிறகு அந்த அறையில் எனக்கே எழுத்துத் தெரியவில்லை. கன்னியம்மா விளக்கைத் தேடிக்கொண்டு உள்ளே போனார். ஏகாம்பரம் இருட்டில் தாளைத் தடவிப் பார்த்தார். பிறகு நல்ல கையால் அதை மடித்தார். ஒரு கையால் மடிப்பது அவருக்குச் சிரமம், மூன்றாவது முறைதான் மடிந்தது. என் மடியில் வைத்தார்.

"போதும் மாஸ்டர்."

திக்கவில்லை. சுத்தமாக வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. விளக்கு வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

"போ," என்றார். "புள்ள... சாப்டணும்."